அவள் போனுக்குப் போன ரிப்போர்ட்

போன வருடம் கொரோனா வந்து நான் சுருண்டு கிடந்தபோது, தாம்பரத்தில் ஒரு லேபுக்கு என்னை அழைத்துப் போனவள் என் மனைவிதான். அப்புறம் குழந்தை தள்ளிப்போகிறதே என்று, அவளுக்குத் தெரியாமல் அதே லேபில் விந்துப் பரிசோதனை செய்துகொண்டேன். விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு.

"காய்ச்சலுக்கு அப்புறம் சில பேருக்கு இப்படி ஆகும் சார். பெரும்பாலும் சரியாயிடும். மூணு மாசம் கழிச்சு திரும்ப டெஸ்ட் எடுங்க" என்றார் டாக்டர்.

நான் போகவில்லை. ரிப்போர்ட்டைக் கிழித்துப் போட்டேன். குறை அவளிடம்தான் என்று அம்மா அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைக்கழித்தாள். ஊசி குத்தி வீங்கிய கையோடு அவள் தோசை வார்த்தாள். நான் சாப்பிட்டேன்.

முடிச்சூரில் என் தங்கையின் வளைகாப்பு. வளையல் போட என் மனைவி கை நீட்டியதும் அம்மா தட்டை நகர்த்தினாள்.

"நீ போய் பந்தியப் பாரும்மா."

அவள் என்னைப் பார்த்தாள். நான் சந்தனக் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் போனை நீட்டினாள். அதில் என் ரிப்போர்ட். காய்ச்சலின்போது லேபில் அவள் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம்.

"எட்டு மாசமா நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தேன். மூணு மாசத்துல திரும்ப எடுக்கணும்னு கீழ போட்டிருக்கே, எடுத்தீங்களா?"

அன்றே அனகாபுத்தூரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாள் அதே லேபுக்குப் பரிசோதனைக்குப் போனேன். எல்லாம் சரியாகியிருந்தது. அந்த ரிப்போர்ட்டும் அவள் போனுக்குத்தான் போயிருக்கும். இன்றுவரை பதில் இல்லை.

நான் மறைத்ததற்குக் காய்ச்சலின் மேல் பழி போட எனக்கு வழியில்லை.