கண்ணாடியக்காவும் மூன்று தும்மலும்

எங்கள் குழுவில் டபுள் பேஸ் வாசிப்பவர் கண்ணாடியக்கா. ஆள் உயரத்துக்கு நிற்கும் கம்பி வாத்தியம் அது. நாங்கள் பூதம் என்போம். பகல் முழுக்க அக்காவுக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃப்ரேமில் பொருத்தும் வேலை. சாயங்காலம் ஒத்திகைக்கு வரும்போது விரல் நுனியில் லென்ஸ் தேய்த்த வெள்ளைத் தூள் அப்படியே இருக்கும். பின்னாலேயே பூதத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க அவர் கணவர், தச்சர். வாசலில் இறக்கி வைப்பார். "முடிஞ்சதும் ஃபோன் பண்ணு" என்பார். அவ்வளவுதான், ஆள் காணாமல் போய்விடுவார்.

நாங்கள் வாசிக்கும்போது ஒருத்தி ஆடுவாள். ஓவியர் ஒருவர் பெரிய துணியில் வண்ணம் தீட்டிக்கொண்டே இருப்பார். அவர் இழுக்கும் கோடுகளைப் பார்த்து நாங்கள் வாசிப்போம், எங்களைக் கேட்டு அவர் தீட்டுவார். எழுதி வைத்த இசை கிடையாது. ஒரே ஒரு விதி, அதுவும் அக்கா போட்டது: அரங்குக்குள் எந்தச் சத்தம் வந்தாலும் அது நம் விருந்தாளி. நாற்காலி கிறீச்சிட்டாலும் சரி, யாராவது சாவியைக் கீழே போட்டாலும் சரி, பதில் வாசித்தே ஆக வேண்டும்.

ஊர்ச் சத்தத்தையெல்லாம் உபசரிக்கிற அக்காவுக்கு ஒரே குறை, வீட்டுக்காரர் ஒருமுறைகூட உள்ளே வந்து கேட்டதில்லை.

"மாமாவுக்கு நம்ம வாசிப்பு பிடிக்கலையாக்கா?"

"பிடிக்கலைன்னு சொல்லிட்டாக்கூட நிம்மதி. வாயத் திறந்தாத்தானே!"

சில மாதங்களுக்கு முன் ஒரு நிகழ்ச்சியன்று எங்கள் நடனக்காரி அவர் கையைப் பிடித்து வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"மாமா, இன்னைக்கு விடமாட்டேன். உள்ள வாங்க."

"வேணாம்மா. மரத்தூள் என் மூக்குலயே குடியிருக்கு. தும்முனா மூணுதான், ஆனா தெருவே அதிரும். இவ இவ்வளவு பாடுபட்டு வாசிக்கிறா, நான் வந்து கெடுக்கவா?"

அக்கா பூதத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார்.

"இதுக்காகவா இத்தன வருஷம் வரல?"

"பின்ன எதுக்கு?"

"நல்ல மனுஷன்யா நீங்க! போய் உட்காருங்க மொதல்ல."

கடைசி வரிசையில் கைக்குட்டையும் கையுமாக உட்கார்ந்தார். எழுதி வைக்காவிட்டாலும், ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் வாசிப்பு அடங்கிப்போகும் ரொம்ப மெல்லிய இடம் ஒன்று உண்டு. தூரிகை துணியில் உரசுவதுகூடக் கேட்கும். சரியாக அங்கே வந்தது. ஒன்று. இரண்டு. மூன்று! அரங்கமே திரும்பிப் பார்த்தது. பாவம், முகம் சிவந்து எழுந்து கதவுப் பக்கம் நகர்ந்தார்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு தடித்த கம்பியை மூன்று முறை சுண்டினார். நடனக்காரி மூன்று முறை தூக்கிவாரிப் போட்டவள்போல் துள்ளினாள். துணியில் பளார், பளார், பளாரென்று ஆரஞ்சு வண்ணம் சிதறியது. நான் கிளாரினெட்டை வாயில் வைத்திருக்கிறேன், சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை, மூச்சே வரமாட்டேன் என்கிறது. மனிதர் கதவில் கைவைத்தபடி நின்றார். பிறகு மெல்ல வந்து உட்கார்ந்தார்.

இப்போதெல்லாம் மாமாவுக்கு முன்வரிசை. நேற்று அந்த மெல்லிய இடம் வந்தது. எல்லோரும் அவர் தும்மலுக்காகக் காத்திருக்கிறோம். அது மட்டும் வரவில்லை. மாமா பதற்றத்தோடு கைக்குட்டை நுனியைத் திரித்து மூக்கில் விட்டுப் பார்க்கிறார்!

அக்கா வேண்டாம் என்று தலையசைத்தார். அப்புறம், எதுவும் வாசிக்காமல், அவரைப் பார்த்துச் சிரித்தபடி நின்றார்.