ஹெல்மெட் போட்ட அந்தோணியார்

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பிளவுஸ் தைத்துப் பிழைக்கும் கிளாரா, தன் போட்டோ ஊர் உலகமெல்லாம் சுற்றும் என்று கனவிலும் நினைத்தவள் அல்ல. ரேஷன் கார்டுக்குப் படம் எடுக்கும்போதே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள். அப்படிப்பட்டவளை குவைத்தில் இருக்கிறவனும் கோலியனூரில் இருக்கிறவனும் ஒரே நாளில் பார்த்துச் சிரித்தார்கள் என்றால் அதற்குக் காரணம் ஒரு துண்டுத் துணி.

அவள் ஊர் அந்தோணியார் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. வருஷா வருஷம் திருவிழாவுக்காக சுரூபத்துக்கு, அதாவது புனிதரின் சிலைக்கு, புது வர்ணம் அடித்ததும் சாமியார் மறுபடி மந்திரிக்க வேண்டும். மந்திரிக்கும்வரை அந்த முகத்தை யாரும் பார்க்கக் கூடாது. எந்த மறையுரையிலும் இது கிடையாது, எந்த பிஷப்பும் சொன்னதில்லை. ஆனாலும் அந்த ஊரில் இதை மீறிப் பேச ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. மந்திரித்த கையோடு முதல் சால்வை போர்த்துவது கிளாரா. மகள் ஜெர்லின் கைக்குழந்தையாகக் காய்ச்சலில் கிடந்தபோது நேர்ந்துகொண்டது அது. வருஷா வருஷம் வெல்வெட்டில் ஜரிகை வைத்து அவளே தைப்பாள். அவளுடைய வாழ்க்கையில் பெருமை என்று சொல்லிக்கொள்ள அந்த ஒரு நிமிஷம்தான் இருந்தது, அதை விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

இந்த வருஷம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன் சுரூபம் வர்ணம் பூச விழுப்புரம் போயிருந்தது. திடீரென்று ஒரு நாள் காலையில் பெயிண்டர் போன் பண்ணி, "நான் ஊருக்குக் கெளம்பறேன், இன்னிக்கே ஜல்தியா வந்து எடுத்துக்கினு போயிடுங்க" என்றார். விழாக்கமிட்டி பேசிவைத்த வேன்காரர் கல்யாணச் சவாரிக்குப் போய்விட்டார். கிளாரா கணவன் சூசைநாதனை பைக்கில் கிளப்பினாள்.

மூன்றடி அந்தோணியார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தார். அவர் கையிலிருக்கும் பாலயேசு கழன்று வருவார் என்பதால் பத்திரமாக அவள் கைப்பைக்குள் போனார். முகத்தில் மஞ்சள் துணி சுற்றிக் கட்டியிருந்தது. விக்கிரவாண்டி தாண்டியதும் எதிர்க்காற்றில் அது பிய்த்துக்கொண்டு பறந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! திரும்பிப் பாக்காதீங்க!" என்று கத்தினாள் கிளாரா. ஒரு கையால் புனிதரின் முகத்தைப் பொத்திக்கொண்டு, கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

வண்டி வேர்க்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லை ஓரமாக நின்றது. முந்தானையைப் போர்த்தலாம் என்றால் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். என்ன செய்வது என்று யோசித்தவள் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் துழாவினாள். அகப்பட்டது புருஷனின் தலை. அதன்மேல் ஹெல்மெட்.

"இன்னாடி பண்ற?"

"கழட்டுங்க!"

கறுப்புக் கண்ணாடி வைத்த முழு ஹெல்மெட் அது. புனிதரின் தோள்வரை இறங்கிக் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. கிளாரா கண்ணைத் திறந்து பார்த்து, "அப்பாடா" என்றாள். அங்கிருந்து வெறுந்தலையோடு சூசைநாதன், அவன் பின்னால் ஹெல்மெட் போட்ட அந்தோணியார், அவருக்குப் பின்னால் அவரைக் கட்டிப்பிடித்தபடி கிளாரா. பக்கத்தில் வந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து யாரோ ஒரு புண்ணியவான் கிளிக் செய்துவிட்டான்.

இரண்டாம் நாள் பிளவுஸ் வாங்க வந்த ஆர்த்தி போனை நீட்டினாள். "அக்கா, இது நீதானே?"

படத்துக்கு மேலே, 'ஓட்டுறவன் மேல புனிதருக்கே நம்பிக்கை இல்ல' என்று எழுதியிருந்தது. கிளாராவுக்கு ஊசி கையில் குத்தியது.

அப்புறம் பிடித்ததையா பேய்! 'அவரே போட்டுட்டாரு, உனக்கு இன்னா கேடு?' என்று ஒருவன் எழுதினான். 'தொலைந்த பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பவர் அந்தோணியார். இதோ, இந்த அண்ணன் தொலைத்த ஹெல்மெட்டோடு' என்று இன்னொருவன். பதினோரு பேருக்கு அனுப்பினால் தொலைந்த சாவி கிடைக்கும் என்றது ஒரு குரூப். கிடைத்துவிட்டது என்று சாட்சியமும் வந்தது. பக்கத்து ஊர் பிரம்மதேசத்துப் பசங்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் ஐயனார் குதிரைக்கு ஹெல்மெட் வரைந்து அனுப்பினார்கள்.

முகம் தெரியாமல் கழற்ற வழியில்லாததால் அந்த ஹெல்மெட் கோயில் அறையில் அந்தோணியார் தலையிலேயே இருந்தது. வெறுந்தலையோடு திண்டிவனம் போன சூசைநாதனை ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் மடக்கினார். முகத்தை உற்றுப் பார்த்தார். "யோவ், அந்தோணியாருக்கு ஹெல்மெட் குடுத்த ஆளு நீதானே?" என்று தோளில் கை போட்டு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார். பிறகு அபராதமும் போட்டார்.

கிளாராவும் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் விழாக்கமிட்டித் தலைவர் அடைக்கலராஜ் அவளை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது பேஜாரு? புனிதரைச் சிரிப்பா சிரிக்க வெச்சிட்ட. மந்திரிக்கிறதுக்கு முன்னாடி ஊரு உலகமே பாத்திருச்சி. இந்த வருஷம் சால்வையை வேற யாராச்சும் போத்தட்டும்."

அன்று முழுக்க தையல் மிஷின் ஓடவில்லை. பாதி ஜரிகை வைத்த வெல்வெட்டை மடியில் போட்டுக்கொண்டு கிளாரா அழுதாள். மறுநாள் மீதி ஜரிகையையும் தைத்து முடித்தாள்.

கொடியேற்றத்தன்று சாயங்காலம் கோயிலைச் சுற்றி நிற்க இடமில்லை. எங்கெங்கிருந்தோ பைக்குகள், அத்தனை பேர் கையிலும் ஹெல்மெட். மந்திரித்துத் தரச் சொல்லி வரிசையில் நின்றார்கள். சாமியாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அடைக்கலராஜ் முகம் மட்டும் இறுகிக் கிடந்தது.

சுரூபம் பீடத்தில் ஹெல்மெட்டோடு நின்றது. கிளாரா தைத்துக் கொடுத்த சால்வை இருந்த தட்டை அடைக்கலராஜ் தன் தம்பி மனைவியிடம் நீட்டினார். அப்போது கிளாரா முன்னால் வந்தாள்.

"அண்ணே, யாரு பாத்தாங்கன்னு சொல்றீங்க? போனை எடுங்க. அந்தப் படத்தைப் பெருசாக்குங்க."

அடைக்கலராஜ் எடுத்தார். கூட்டமும் எடுத்தது.

"என் மூஞ்சி தெரியுது. எங்க வூட்டுக்காரரு வாயைப் பொளந்துக்கினு ஓட்டறது தெரியுது. அந்தோணியார் மூஞ்சி தெரியுதா?"

அடைக்கலராஜ் இரண்டு விரலால் படத்தை விரித்தார், மேலும் விரித்தார். கறுப்புக் கண்ணாடியில் ஒரு புளியமரமும் ஒரு லாரியும் தெரிந்தன. கிளாரா காப்பாற்றியது அவர் காப்பாற்ற நினைத்த அதே வழக்கத்தைத்தான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"துணி பறந்தப்ப? அப்பக்கூட யாரும் பாக்கலையா?" என்றார், குரல் இறங்கி.

"நானே கண்ணை மூடிக்கினேன் அண்ணே. கொல்லையில ஒரு ஆடு நின்னுச்சி. அது பாத்திருந்தா எனக்குத் தெரியாது."

முதலில் சிரித்தது சாமியார். பிறகு கூட்டம் குலுங்கியது. அடைக்கலராஜும் தோற்றுப்போய்ச் சிரித்தார். தட்டைத் திரும்ப வாங்கி அவரே கொண்டுவந்து கிளாரா கையில் கொடுத்தார்.

சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். கிளாரா ஹெல்மெட்டைத் தூக்கினாள். புது வர்ணத்தில், தூங்கி எழுந்த பிள்ளைபோல் ஒரு முகம். சால்வையைப் போர்த்தும்போது அவளுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சூசைநாதன் முண்டியடித்து வந்து ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டான்.

மறுநாள் காலை ஜெர்லின் சலித்துக்கொண்டாள். "அம்மா, சால்வையோட அந்தோணியார் மூஞ்சியை நல்லா எடுத்துப் போட்டேன். நம்ம ஊருக்காரங்களைத் தவிர ஒருத்தரும் பாக்கல. ஹெல்மெட் படம்தான் இன்னும் சுத்திக்கினு கெடக்குது."

கிளாரா மிஷினை மிதிப்பதை நிறுத்தாமல் சிரித்தாள். "சுத்தட்டும்டி. அந்த மூஞ்சி நம்ம ஊருக்கு."