சந்தனம் அடைத்த மோடம்

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குத் தப்பும் பொருள் எதுவும் கிடையாது. மண்வெட்டி, மருந்தடிக்கும் மிஷின், அப்பாவின் பைக், எனக்குப் பிடிக்காத கணக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்துவிடுவார். எனக்கு ஒன்பது வயதான வருடம் அத்தையின் மோடமும் அதில் மாட்டிக்கொண்டது.

அத்தை அப்பாவின் தங்கை. ஓசூரில் ஒரு கம்பெனியில் சால்டரிங் வேலை பார்த்தவள். கம்பெனியை மூடியதும் பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே திரும்பிவிட்டாள். வரும்போது யாரோ தூக்கிப்போட்ட ஜப்பான் வீடியோ கேம் பெட்டி ஒன்றையும் கொண்டுவந்தாள். அதற்கு என்னைவிட வயது அதிகம். இன்டர்நெட்டுக்குப் போக டெலிபோன் லைன் என்ற ஒரே ஒரு வழிதான் அதற்குத் தெரியும். எங்கள் ஊரிலோ டெலிபோன் கம்பி எப்போதோ போய்விட்டது.

அத்தை விடவில்லை. உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர், டெலிபோன் வயரில் இன்டர்நெட் பேசும் பழைய மோடம், நடுவில் வயரோடு சேர்த்து இரண்டு பேட்டரி. அந்தக் கரண்ட்டைப் பார்த்து, தன்னை டெலிபோன் லைனில் மாட்டியிருப்பதாகப் பெட்டி நம்பிவிடும். அது டயல் செய்தால் சின்னக் கம்ப்யூட்டர் எடுத்துப் பேசி, அத்தையின் செல்போன் வழியாக வெளியே அனுப்பும்.

அத்தைக்கு ஊரில் ரிப்பேர் கடை போட ஆசை. அப்பாவுக்கு அவளைக் கட்டிக்கொடுக்க ஆசை. ஒரு வாரம் சண்டை நடந்து, கடைசியில் அப்பா ஒரு முடிவு சொன்னார்.

“அந்தப் பொட்டி வெளியூர்க்காரங்களோட பேசுச்சுன்னா உன் இஷ்டம், கடை போடு. பேசலீன்னா ஏரியூர்க்காரங்க பொண்ணு பாக்க வருவாங்க, பேசாம வந்து நிக்கணும்.”

விஜயதசமி மத்தியானம்வரை கெடு. பூஜைக்கு முந்தின நாளே பெட்டி டயல் செய்யும் சத்தம் கேட்டுவிட்டது; வெளியூர்க்காரர்களோடு சேர்வதுதான் பாக்கி. மறுநாள் அம்மா எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டார். வைத்ததை ஒரு நாள் தொடக்கூடாது.

விஜயதசமி காலையில் எடுத்து மாட்டினால் திரையில் லைன் இல்லை என்று வந்தது. பத்துத் தடவை மாட்டியும் அதே கதைதான். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மணி பார்த்தார். அத்தையின் முகம் செத்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கடைசியாக வயரைப் பிடுங்கி டார்ச் அடித்துப் பார்த்தவள் கத்தினாள்.

“அண்ணி, இதுக்குமா பொட்டு வெச்சீங்க?”

“எதுக்கு நெத்தி எதுன்னு எனக்கென்னம்மா தெரியும்? நடுவுல ஓட்டை இருந்துச்சு, வெச்சேன்.”

வயர் சொருகும் ஓட்டைக்குள் சந்தனம் காய்ந்து கல்லாகியிருந்தது. ஊக்கை வைத்துச் சுரண்டி, பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்து, ஊதி ஊதி மாட்டினாள். பெட்டி டயல் செய்தது. மிக்ஸியில் ஆணி போட்டதுபோல ஒரு சத்தம். பிறகு திரையில் பந்தயத்துக்கு நான்கு கார்கள் வரிசையாக நின்றன. ஒன்று எங்களுடையது. அத்தை கன்ட்ரோலரை என் கையில் திணித்துவிட்டாள்.

நான் ஓட்டிய லட்சணத்துக்கு நாலாவதாக வந்தேன். என்னால் அத்தை தோற்றுவிட்டாள் என்று ஓவென்று அழுதேன். அத்தையோ என்னைத் தூக்கிச் சுற்றினாள். பொட்டு வைத்த ராசி என்றார் அம்மா. அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்து மற்ற மூன்று பெயர்களையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு அத்தையைக் கேட்டார்.

“இவங்கெல்லாம் எந்த ஊரு பாப்பா?”

“ஒருத்தரு ஜெர்மனி, ஒருத்தரு பிரேசில். இன்னொருத்தரு எந்த ஊருன்னு தெரியலீங்கண்ணா.”

அப்பா செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். தெருவுக்கே கேட்கும்படி அவர் பேசியது எனக்கும் கேட்டது.

“இன்னிக்கி வர வேண்டாங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. எந்தங்கச்சிக்கு வேல இருக்குதுங்க.”

எனக்கு ஒரே குழப்பம். அத்தைக்கு ஏது வேலை? தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, அடுத்த பந்தயத்துக்கு எந்தக் கலர் கார் எடுக்கலாம் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். நேரே சமையலறைக்கு ஓடி, அப்பா போனில் பொய் சொல்கிறார் என்று அம்மாவிடம் சொல்லிக்கொடுத்தேன்.