ரங்கிமாரி சொல்லிக் கொடுத்த சராசரி

நியூசிலாந்தில், ஒபோட்டிக்கி ஊருக்குக் கிழக்கே, கடலோரத்தில் இருந்த எங்கள் சின்னப் பள்ளியில் ரங்கிமாரி மாவோரி மொழியில் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள். பிள்ளைகளுக்கு அவள் 'அத்தை'. பாடப்புத்தகம் கிடையாது. எதற்காவது சொல் இல்லையென்றால் அவளே யோசித்து ஒன்று வைப்பாள். சராசரிக்கு 'வயெங்கா' என்று வைத்தாள். 'நடு' என்று பொருள். ஆறு வருடம் பிள்ளைகளும் அதையே சொல்லி வந்தார்கள்.

1995 நவம்பரில் முதன்முறையாக எங்கள் பிள்ளைகள் பதினோரு பேர் பொதுத்தேர்வை மாவோரியில் எழுதினார்கள். வெளியூர் மேற்பார்வையாளருக்குத் துணையாக ரங்கிமாரி தாள்களைக் கொடுத்துவிட்டு, மீந்ததைப் புரட்டிப் பார்த்தாள். ஒன்பதாவது கேள்வியில் ஏழு மீன்களின் எடை. முதலில் 'தோஹாரிட்டே' கண்டுபிடிக்க வேண்டும், அடுத்து 'வயெங்கா'.

மார்ச்சில் கல்வித் துறையின் புதுச் சொற்பட்டியல் தபாலில் வந்திருந்தது. தன் சொற்களே போதும் என்று அவள் உறையைப் பிரிக்கவே இல்லை. கேள்வியைப் பார்த்ததும்தான் புரிந்தது: சராசரிக்கு இப்போது 'தோஹாரிட்டே' என்று வேறு பெயர். அவள் வைத்த பெயரோ, வரிசையில் நடுவே நிற்கும் எண்ணுக்குப் போய்விட்டது.

தேர்வெழுதியவர்களில் கஹுராங்கி கை தூக்கினாள். "அத்தை, ஒம்பதாவதுல புது வார்த்த இருக்கே?"

மேற்பார்வையாளர் நிமிர்ந்தார். ஒரு சொல் சொன்னால் போதும்; பதினோரு தாளும் செல்லாமல் போகும்.

"இன்னொரு தடவ படிச்சுப் பாரும்மா," என்றாள்.

மீதி இரண்டு மணி நேரமும் அவள் உட்காரவில்லை.

வெளியே வந்ததும் கஹுராங்கியிடம்தான் முதலில் ஓடினாள்; ஒன்பதாவதுக்கு என்ன எழுதினாள் என்று கேட்டாள்.

"தோஹான்னா பங்கு வைக்கிறது, ரிட்டேன்னா சமமா. விருந்துல நாம செய்யறதுதானே அத்தை? அப்ப வயெங்கா வேற ஏதோன்னு தோணுச்சு. மீனையெல்லாம் எடைப்படி வரிசையா வெச்சு நடுவுல இருந்தத எழுதிட்டேன்."

பக்கத்தில் நின்ற ஹேமியின் முகம் வெளுத்தது. அவன் வயெங்காவுக்குச் சராசரியை எழுதியிருந்தான். அவனைப் போல இன்னும் ஆறு பேர்.

தவறு தன்னுடையது என்று ரங்கிமாரி தேர்வு அலுவலகத்துக்கு எழுதினாள். மதிப்பெண்ணை மாற்ற முடியாது என்று பதில் வந்தது. அந்த ஏழு வீட்டுக்கும் அவளே போய்ச் சொன்னாள்.

ஹேமியின் அப்பா, "நீ வெச்ச பேரு நல்லாத்தான் இருந்துச்சு. கடிதாசியப் பிரிச்சிருக்கலாம்," என்றார்.

ஹேமி மூன்று மதிப்பெண்ணில் தவறி, மறுவருடம் திரும்ப எழுதித் தேறினான். அதற்குள் ரங்கிமாரி பட்டியல் முழுவதையும் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்து முடித்திருந்தாள். அவள் வைத்த சொற்களில் நாற்பத்து மூன்று மாறியிருந்தன.