காளைக்குப் பக்கத்தில் ஓர் இடம்

எங்கள் நாய் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வந்துபோன கொஞ்ச நேரத்தில், சமையலறை வாசலில் படுத்தபடியே செத்துப்போனது. பதிமூன்று வயது. ஆறு மாதமாகச் சிறுநீரகக் கோளாறு. ஊசி, மருந்து, உப்பில்லாத சோறு என்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தோம். அதனால் அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனாலும் என் மனைவி கையில் காபித் தம்ளரோடு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். காபி ஆடை கட்டியது.

"இப்ப என்னங்க செய்றது?" என்றாள்.

காரைக்குடியில் நாங்கள் இருப்பது வாடகை வீட்டின் மாடிப் பகுதி. கீழே குடியிருக்கும் வீட்டுக்கார அம்மா, மழையில் செருப்பில் சேறு ஒட்டக்கூடாது என்று, காம்பவுண்டுக்குள் ஒரு சாண் மண் தெரியாமல் சிமெண்ட் பூசிவிட்டார். துளசிகூட அவர் வீட்டில் தொட்டியில்தான் நிற்கிறது.

விஷயம் கேள்விப்பட்டு எதிர்வீட்டுக்காரர் வந்தார். நல்ல மனுஷர். "குப்பை வண்டி எட்டரைக்கு வரும் சார். ஒரு வார்த்தை சொன்னா எடுத்துட்டுப் போயிருவாக" என்றார். உதவி செய்கிற எண்ணத்தில்தான் சொன்னார். என் மனைவி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வீடியோவில் சொன்னோம். அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தெருவிலிருந்து தூக்கிவந்த குட்டிதான் அது. கொஞ்ச நேரம் அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு உடனே ஏற்பாட்டில் இறங்கிவிட்டாள். பெங்களூரில் நாய் பூனைகளுக்கென்றே எரிமேடை இருக்கிறதாம். போனிலேயே பதிவு செய்யலாமாம். சாம்பலைச் சின்னக் கலயத்தில் போட்டு, ரிப்பன் கட்டிக் கொடுப்பார்களாம். களிமண்ணில் பாதத்தை அச்செடுத்து ஃபிரேம் போட்டும் தருவார்களாம்.

"ஒரு ஐஸ் பெட்டி வாங்கி, கார் புடிச்சு இப்பவே கெளம்புங்கப்பா. சாயங்காலத்துக்குள்ள வந்துரலாம்."

"வழியில எவனாவது வண்டிய நிறுத்தி, பெட்டிக்குள்ள என்னன்னு கேட்டா என்னடி சொல்றது?" என்றாள் என் மனைவி. அன்றைக்கு அவள் முகத்தில் முதல் சிரிப்பு அப்போதுதான் வந்தது. சிரித்த கையோடு அழுதாள்.

பாத அச்சு மட்டும் அவளுக்குப் பிடித்துப்போனது. மஞ்சளைக் குழைத்து, நாயின் முன்னங்காலில் தடவி, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒற்றி எடுத்தாள். மகள் பெங்களூரிலிருந்து "லேசா அமுக்குங்கம்மா, லேசா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். முதல் தாளில் மஞ்சள் அப்பிவிட்டது. இரண்டாவதில் நாலு விரலும் தனித்தனியாக விழுந்தன.

வைத்தியம் பார்த்த கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். "சொந்த மண் எங்கயாவது இருந்தா அதுதான் சார் நல்லது. கிணத்துக்குக் கிட்ட வேண்டாம். நாலடிக்குக் குறையாம வெட்டுங்க. சுண்ணாம்பு போட்டு மூடி, மேல நாலு கல் வைங்க. இல்லேன்னா வேற நாய் வந்து தோண்டிரும்" என்றார்.

சொந்த மண் என்றதும் என் மனைவி என்னைப் பார்த்தாள். எனக்குப் புரிந்தது. நான் ஃபேனைப் பார்த்தேன்.

"அண்ணனுக்குப் போன் போடுங்க" என்றாள்.

எங்கள் பூர்வீக வயல் கல்லல் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணன்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் ஒரு மஞ்சுவிரட்டுக் காளை இருந்தது. சுற்றுவட்டாரத்தில் அதன் திமிலை யாரும் தொட்டதில்லை என்பதில் அவருக்கு அவ்வளவு பெருமை. நாலு வருஷத்துக்கு முன் அது வயதாகிச் செத்தபோது ஊரே கூடிவிட்டது. வேட்டி போர்த்தி, மாலை போட்டு, கொட்டு அடித்து, வயல் மூலையில் அடக்கம் செய்தார்கள். கண்ணீர் அஞ்சலி என்று ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அன்று காலை அண்ணன் என்னைக் கூப்பிட்டபோது நான் சொன்னது இதுதான்: "ஒரு மாட்டுக்குப் போயி லீவு போட முடியுமாண்ணே? ஆபீஸ்ல சிரிப்பாக."

அவர் சண்டை போடவில்லை. "சரிப்பா" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் அவராகக் கூப்பிடவேயில்லை. கல்யாண வீடுகளில் பார்த்தால் "சாப்பிட்டியா?" என்பார். "சாப்பிட்டேண்ணே" என்பேன். நாலு வருஷப் பேச்சு அவ்வளவுதான்.

நம்பரை அழுத்தினேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.

"அண்ணே... நம்ம வீட்டு நாய் செத்துப்போச்சு."

அன்றைக்குச் சொன்னதையே நான் திருப்பி வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"எப்ப?"

"காலையிலதான்."

"வெயில் ஏறுறதுக்குள்ள கெளம்பி வா. வெள்ளைத் துணியில சுத்திக் கொண்டா. வேப்பங்கொழை போட்டுக்க. எங்க காளைக்குப் பக்கத்துல எடம் கெடக்கு, குழிக்கு நான் ஆள் சொல்லிர்றேன்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

அடுத்து லீவு. நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மேலாளரைக் கூப்பிட்டு, வீட்டில் ஒரு துக்கம் என்றேன்.

"அடடா, யார் சார்?"

"ரொம்ப வயசாச்சு சார். ஆறு மாசமா முடியாமத்தான் இருந்துச்சு."

நான் பொய் சொல்லவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை.

எதிர்வீட்டுக்காரரே ஒரு 'குட்டி யானை' வண்டியைப் பேசிக் கொடுத்தார். ஏற்றும்போது ஓட்டுநர் "என்ன சரக்கு சார்?" என்று கேட்டார். பார்த்தார். பாட்டை நிறுத்தினார். வழியெல்லாம் வேகத்தடை வரும்போது வண்டியைத் தவழவிட்டுத்தான் ஏற்றி இறக்கினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குழி தயாராக இருந்தது. அண்ணன் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். நேராக வண்டிக்குப் போய், துணியை விலக்கி நாயின் நெற்றியைத் தடவினார். காளை இருந்த காலத்தில் பொங்கலுக்கு நாங்கள் போகும்போதெல்லாம் அந்த நாய், கட்டிக் கிடக்கும் காளையைப் பார்த்து எட்ட நின்று குரைக்கும். காளை ஒருமுறை மூச்சுவிட்டால் போதும், ஓடிவந்து மதினியின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். மதினி அதைச் சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

என் மனைவி மஞ்சள் அச்சைக் காட்டினாள். அண்ணன் அந்தத் தாளை வாங்கி வெகுநேரம் வைத்துக்கொண்டிருந்தார். "காளைக்குக் கொளம்புத் தடம் ஒண்ணு எடுத்து வைக்கணும்னு ஒருத்தனுக்கும் தோணலையே" என்றார்.

குழிக்குள் இறக்கிச் சுண்ணாம்பைத் தூவிய நேரத்தில் சாலையில் ஒரு கார் வந்து நின்றது. இறங்கியது எங்கள் மேலாளர். பின்னாலேயே அலுவலகத்தில் இரண்டு பேர். ஒருவர் கையில் பெரிய ரோஜா மாலை. வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். வீட்டுக்கார அம்மா "கல்லலுக்குக் கொண்டு போயிட்டாக" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். யாரை என்று அவரும் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை. கல்லலில் இறங்கி அண்ணனின் வயலை விசாரித்து வந்துவிட்டார்கள்.

மூன்று பேரும் முகத்தைத் துக்கத்துக்குத் தயார் செய்துகொண்டு வரப்பில் வரிசையாக நடந்துவந்தார்கள். நான் அந்தக் குழிக்குள்ளேயே இறங்கிவிடலாமா என்று பார்த்தேன். மேலாளர் வந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் குழியைப் பார்த்தார்.

"சார், வந்து..." என்று ஆரம்பித்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"வாங்க சார். வெயில்ல இம்புட்டு தூரம் வந்திருக்கீக. மாலையப் போடுங்க" என்றார், தினமும் நாலு நாயை அடக்கம் செய்கிறவர் மாதிரி.

அந்தக் குரலை யாரால் மறுக்க முடியும்? மேலாளர் செருப்பைக் கழற்றினார். குனிந்து மாலையை வைத்தார். பிறகு அவராகவே ஒரு கைப்பிடி மண்ணை அள்ளிப் போட்டார். மற்ற இருவரும் போட்டார்கள். மதினி மோர் கொண்டுவந்து கொடுத்தார். கிளம்பும்போது மேலாளர் என் தோளில் கைவைத்து, "நாளைக்கு வந்துருவீங்கல்ல?" என்று மட்டும் கேட்டார். கார் திரும்பும்போது உள்ளே மூன்று பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பது தெரிந்தது. சிரிக்கட்டும் என்றிருந்தது எனக்கு.

கல்லெல்லாம் அடுக்கி முடித்துப் பம்பு செட்டில் குளித்தோம். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் வந்திருக்கணும்."

"வந்திருக்கணும்தான்" என்றார். துண்டைப் பிழிந்து உதறினார். "அம்புட்டுக் கூட்டம் வந்துச்சு. நான் ஒன்னயத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

"வா, சோறு ஆறுது" என்று முன்னால் நடந்தார். மதினி அரிசி கழுவிய நீரில் மண்டிக் குழம்பு வைத்திருந்தார். என் மனைவி அன்று முழுக்க ஒரு வாய் சாப்பிடமாட்டாள் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது முறை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

மாடி வீடு கொஞ்ச நாள் ரொம்ப அமைதியாக இருந்தது. உப்பு வண்டிக்காரர் தெருவில் கத்திக்கொண்டு போகும்போது குரைக்க ஆள் இல்லை. அவரே ஒருநாள் வண்டியை நிறுத்தி, மேலே பார்த்து, "என்னக்கா, சத்தத்தையே காணோம்?" என்று என் மனைவியிடம் கேட்டார். மகள் லீவுக்கு வந்தபோது பெரியப்பாவோடு வயலுக்குப் போய்வந்தாள். பெயர் பொறித்த கல் ஒன்று வைக்கலாமா என்று கேட்டாளாம். "எங்களுக்குத் தெரியாதா எது யாரு எடம்னு" என்று அண்ணன் சொல்லிவிட்டாராம்.

நேற்று அவர் போன் செய்திருந்தார். பம்பு செட் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் எரிந்துவிட்டதாம். அதையே திருப்பிக் கட்டுவதா, மோட்டாரைப் புதிதாக வாங்குவதா என்று கேட்டார். எனக்கு மோட்டாரைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அரை மணி நேரம் பேசினோம்.