கறுப்பு அக்னெஸும் கராமா ரஹீமாவும்

துபாய் கராமாவில், மீன் மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருந்த மூன்று மாடிப் பழைய கட்டடத்தில் ரஹீமா பீவி குடியிருந்தாள். சொந்த ஊர் கீழக்கரை. பெண் பார்க்க வந்தவர்கள் "பிள்ளை கொஞ்சம் கறுப்பு" என்று இழுத்தபோது, உள்ளறையிலிருந்தே "கண்ணு நல்லாத் தெரியுதுல்ல, அது போதும்" என்று குரல் கொடுத்தவள். அந்த வாய்க்காகவே சதக்கத்துல்லா, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாராம். நின்று என்ன? நிக்காஹ் முடிந்த கையோடு துபாய்க்கு விமானம் ஏறிவிட்டார். அவருக்கு தேரா பஜாரில் துணிக்கடை வேலை, பேச்சலர் ரூமில் இரண்டடுக்குக் கட்டிலின் மேல்தட்டு. இவளுக்கு ஊரில் ஒரு டெலிபோன். ஒன்பது வருஷம் குடும்பம் நடந்தது அந்தக் கம்பியில்தான்.

ஒருவழியாகக் கடையில் பங்கும் ஃபேமிலி விசாவும் கிடைத்து இவளும் மகள் ஃபஸ்னாவும் வந்து இறங்கியபோது, ஏர்போர்ட்டில் அந்தப் பிள்ளை தன் வாப்பாவைப் பார்த்து "மாமா" என்றது. சதக்கத்துல்லா சிரித்துச் சமாளித்தார். ரஹீமாவால் சிரிக்க முடியவில்லை. இனி இந்த மனுஷனைத் தனியாக விடுவதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவுகட்டியிருந்தாள்.

அந்த முடிவுக்கு ஆபத்து வந்தது 2006 கோடையில். ஊரெல்லாம் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த நேரம். பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட உரிமையாளர் நினைத்தார். ஒப்பந்தக் காலம் முடியாமல் போகமாட்டோம் என்று குடியிருந்த குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து வாடகைத் தகராறு பார்க்கும் குழுவில் வழக்குப் போட்டன. தோற்றால் வேறு வீடு பிடிக்க வழியில்லை. வாடகை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் வளைகுடாவில் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பெண்டுபிள்ளைகளை ஊருக்கு அனுப்பிவிட்டு ஆண் பலபேர் தங்கும் அறையில் ஒரு கட்டிலை, பெட் ஸ்பேஸ் என்பார்கள், வாடகைக்குப் பார்த்துக்கொள்வான். நாலு பிள்ளை பெற்றவனும் அதற்கப்புறம் பேச்சலர்தான்.

இவ்வளவு கவலை இருந்தும் அந்தக் கட்டடத்துப் புத்திசாலிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஜூலை வந்ததும் பெட்டி கட்டினார்கள்! பள்ளி லீவு விட்டால் ஊருக்குப் போவது நமக்கு ஐந்துவேளைத் தொழுகை மாதிரி ஆகிவிட்டது. யாரும் தேதியைப் பார்க்கவில்லை. குழுவிலிருந்து கட்டடத்தைப் பார்வையிட ஆள் வருவது அதே ஜூலைக் கடைசியில் என்பது, கீழே பக்காலா என்கிற மளிகைக்கடை வைத்திருந்த மீராசா சொல்லித்தான் ரஹீமாவுக்குத் தெரிந்தது.

"லாத்தா, ஓனரோட ஏஜென்ட் ஆளுங்க கடையில நின்னு பேசுனாங்க. லீவுல பில்டிங் காலியாக் கெடக்கும், ஆளக் கூட்டியாந்து காட்டுனா கேஸ் கலாஸ்னு சிரிக்கிறாங்க."

அதற்குள் முக்கால்வாசிக் குடும்பங்கள் பறந்தாகிவிட்டது. மிச்சமிருந்தவர்களும் டிக்கெட் வீணாகும் என்று, முன்னால் போனவர்களைப் போலவே ஆளுக்கொரு சாவியை ரஹீமாவிடம் கொடுத்து, "செடிக்குத் தண்ணி ஊத்துங்க லாத்தா" என்று சொல்லிக் கிளம்பினார்கள். சதக்கத்துல்லாவுக்குத் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் போகாமல் முடியாது. ரஹீமா தன் டிக்கெட்டையும் மகள் டிக்கெட்டையும் ரத்து செய்தாள். "கல்யாணத்துக்கு வரலன்னு நாத்தனார் கோவிச்சுக்குவா. கோவிக்கட்டும்" என்றாள்.

ஃபஸ்னாவுக்குத்தான் அழுகை. ஒன்பதாம் வகுப்பு, லீவு பிராஜெக்ட் வேறு. 'இடைக்கால ஐரோப்பாவின் புகழ்பெற்ற பெண்கள்' என்று சார்ட் செய்யவேண்டும். வளைகுடாப் பள்ளிகளில் சார்ட் வேலை யாருக்கு என்று சொல்லத் தேவையில்லை. மதிப்பெண் பிள்ளைக்கு, பசையும் கத்தரியும் உம்மாவுக்கு. ரஹீமா தரையில் உட்கார்ந்து படம் வெட்ட, ஃபஸ்னா கம்ப்யூட்டரில் எடுத்த தாள்களைப் படித்துப் படித்துச் சொன்னாள். பிரான்சுக்கு ராணியாக இருந்து, அந்தக் கல்யாணம் ரத்தானதும் இங்கிலாந்துக்கு ராணியான எலினோர். "ரெண்டு ராஜாவயும் தூங்கவிட்டிருக்க மாட்டா" என்று ரஹீமா பசை தடவினாள். எதிரி சூழ்ந்த கோட்டையிலிருந்து, பனியில் தெரியாமலிருக்க வெள்ளையுடுத்தி நழுவிய மட்டில்டா. "கெட்டிக்காரி. ஆனா நழுவிட்டாளே." போர்க்கோலம் பூண்ட ஜோனுக்கு மட்டும் கத்தரியைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது வயசா? அந்தப் பிள்ளையவா எரிச்சானுங்க?"

அடுத்து வந்தவள்தான் அக்னெஸ். ஸ்காட்லாந்தில் டன்பார் கோட்டைப் பிரபுவின் மனைவி. ஆள் கறுப்பு என்பதால் கறுப்பு அக்னெஸ் என்றே பெயராம். "அங்கயுமா?" என்றாள் ரஹீமா. புருஷன் போருக்குப் போயிருந்த சமயம் பார்த்து இங்கிலீஷ் படை கோட்டையை வளைத்தது. கல்லெறியும் பொறி வைத்துப் பெரிய பெரிய கல்லாக மதில்மேல் வீசினார்கள். அக்னெஸ் என்ன செய்தாள்? கல் விழுந்து ஓயும்போதெல்லாம் தோழிப் பெண்களை நல்ல உடுப்பு உடுத்தி மதில்மேல் அனுப்பி, கைக்குட்டையால் தூசி தட்டச் சொன்னாளாம். பட்டினி போட்டுப் பார்த்தார்கள். கடல் வழியாக ரகசியமாக உணவு வந்து சேர்ந்ததும், அதிலிருந்தே ரொட்டியையும் மதுவையும் எதிரித் தளபதிக்கு அனுப்பிவைத்தாளாம். மாதக்கணக்காய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் படை திரும்பிப் போனது என்று கதை.

ரஹீமா சிரி சிரி என்று சிரித்தாள். "மதுவ விட்ரு. மத்ததெல்லாம் நம்மளும் செய்யலாம்."

"உம்மா, திஸ் இஸ் ஹிஸ்டரி!"

"துணிய எடுடி."

மறுநாள் காலையிலிருந்து அந்தக் கட்டடத்தின் கோலமே மாறியது. சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு தாயும் மகளும் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். செடிகளுக்குத் தண்ணீர், மாலையில் விளக்கு, பால்கனிக் கம்பிகளில் படிந்த மணலைத் தெருவே பார்க்கத் துடைப்பது. ஏஜென்சியின் சூப்பர்வைசர் எதிரில் காரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். பெயர் லுக்மான், காயல்பட்டினத்துப் பையன். முதலாளி சொன்ன வேலையைச் செய்பவன். ரஹீமா அவனைப் பார்த்தபடியே கடைசிக் கம்பியை இரண்டு முறை துடைத்தாள்.

இரண்டாவது நாளே மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் நின்றது. 'ரிப்பேர்' என்றார்கள். ஜூலை வெயிலில் தண்ணீரில்லாத வீடு என்றால் என்னவென்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பாத்ரூம் நாறியது, ஃபஸ்னாவுக்கு வேர்க்குரு போட்டது. மீராசா தன் கடைத் தண்ணீர் கேன்களைப் பின்பக்கச் சந்துக்குக் கொண்டுவருவார். ரஹீமா பால்கனியிலிருந்து வாளியும் கயிறும் விடுவாள். மூன்றாம் மாடிக்கு இழுத்து இழுத்து உள்ளங்கை தோலுரிந்துவிட்டது. அந்தக் கையோடு தேங்காய்ப் பால் பிழிந்து, முட்டையை உடைத்து ஊற்றி வட்டலப்பம் செய்தாள். ஒரு தட்டில் வட்டலப்பமும், கண்ணாடி ஜக்கு நிறைய ஐஸ் போட்ட நன்னாரி சர்பத்துமாக ஃபஸ்னாவைக் காருக்கு அனுப்பினாள்.

"வெயில்ல நிக்கிறீங்களாம். உம்மா குடுத்துச்சு அங்கிள். தண்ணி இன்னும் வேணுமான்னு கேட்டுச்சு."

லுக்மான் வட்டலப்பத்தை வழித்துத் தின்றான். ஊர்ச் சாப்பாட்டைக் கண்டு எத்தனை நாளோ.

அடுத்த அஸ்திரம் சதக்கத்துல்லாவிடமிருந்தே வந்தது. லுக்மான் ஊருக்குப் போன் போட்டு, உங்கள் வீட்டுக்காரி தண்ணீரில்லாமல் திண்டாடுகிறாள், சாவியை ஒப்படைத்துவிட்டு வரச் சொல்லுங்கள் என்று பேசியிருந்தான். மனுஷன் பதறிப்போய் மனைவியைக் கூப்பிட்டார்.

"ரஹீமா, போதும். நீ புள்ளயக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துரு. நான் ரூம்ல ஒரு பெட் எடுத்துக்கிறேன். முன்னாடி இருக்கலயா?"

அக்னெஸ் கதையிலும் இப்படி ஒன்று உண்டு. சிறைபிடித்த அவள் தம்பியைக் கோட்டைக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறக்காவிட்டால் தூக்கில் போடுவோம் என்றார்களாம். போட்டுக்கொள்ளுங்கள், அவன் சொத்து எனக்குத்தான் வரும் என்றாளாம் மகராசி. ரஹீமாவுக்கு அவ்வளவு கல்நெஞ்சமில்லை.

"முன்னாடி இருந்தீங்க மச்சான். உங்களுக்கு மஞ்சக்காமாலை வந்தப்போ யாரு கஞ்சி வச்சா? எனக்கு மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும். கல்யாண வீட்ல நல்லாச் சாப்புடுங்க. வீட்ட நான் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டுச் சமையலறையில் நின்று அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

குழுவிலிருந்து வந்தவர் நரைத்த தாடி வைத்த அரபுப் பெரியவர். கூடவே லுக்மான். கட்டடம் காலி என்று காட்டத்தான் அழைத்து வந்திருந்தான். ரஹீமா ஸலாம் சொல்லி, கதவு கதவாகத் திறந்துவிட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் குழந்தைகளின் புத்தகப் பை, அடுப்படியில் மசாலா டப்பா, தொழுகை விரிப்பு, சாமி படம், துளிர்த்து நிற்கிற கறிவேப்பிலைத் தொட்டி. பெரியவர் உடைந்த ஹிந்தியில், இப்போது எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கேட்டார். பொய் சொல்ல ரஹீமாவுக்கு நாக்கு வரவில்லை. "அபி ஹம் தோ. ஸப் சுட்டி மே கயா. ஸப் ஆயேகா" என்றாள். இப்போது நாங்கள் இரண்டு பேர், எல்லோரும் லீவில் போயிருக்கிறார்கள், எல்லோரும் வருவார்கள்.

பெரியவர் குழாயைத் திறந்தார். வரவில்லை. திரும்பி லுக்மானை ஒரு பார்வை பார்த்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. இதில் ஆள் குடியிருக்கிறது, ஒப்பந்தம் முடியும்வரை யாரையும் வெளியேற்றக்கூடாது என்று அந்த வாரமே குழு சொல்லிவிட்டது. இன்னும் இரண்டு வருஷம். ஃபஸ்னா பத்தாவது முடிக்கும்வரை வாப்பா தினமும் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார்.

மோட்டாரை ஓடவிட லுக்மானே வந்தான். தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டதும் ரஹீமா படியிறங்கி வந்தாள். வெற்றிச் சிரிப்பை அடக்க அவள் முயலக்கூட இல்லை.

"இவ்வளவு பாடு ஒரு பழைய வீட்டுக்காகவா லாத்தா?" என்றான்.

"வீடு என்ன வீடு, தம்பி? அவரு ராத்திரி வந்து கதவத் தட்டணும், நான் தொறக்கணும். அதுக்குத்தான்."

லுக்மான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான். "எனக்கு நிக்காஹ் ஆகி ஏழு வருஷம் லாத்தா. லீவெல்லாம் சேத்துக் கூட்டுனாலும், சேந்து இருந்தது ஒரு வருஷம் வராது" என்றான்.

ரஹீமா பீவியின் சிரிப்பு அடங்கியது. "இங்கயே இரு தம்பி, சோறு கொண்டாரேன்" என்று படியேறினாள்.