வனத்து அந்தோணியாருக்கு நேர்ந்துவிட்ட கன்று

வனத்து அந்தோணியார் சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குப் போனவர். அவருக்குப் பெண்டாட்டி கிடையாது. முதல் விஷயத்தைத் தை மாசத்துத் திருநாள் பிரசங்கத்தில் வருஷா வருஷம் சொல்வார்கள். இரண்டாவதை எந்தச் சாமியாரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் என் வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்திருப்பார்.

அவர் அப்போது புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சுக்கார முசேயின் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ரெண்டாவது உலகச் சண்டைக்குச் சில வருஷம் முந்தி வியாபாரம் படுத்துவிட்டது. முசே முதலில் சம்பளத்தைப் பாதியாக்கினார், அப்புறம் நல்ல காலம் வந்தால் கூப்பிடுகிறேன் என்று சொல்லி அனுப்பியே விட்டார். வேலை போன ஆள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வர வேண்டுமா இல்லையா? இவர் மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு வந்தார்.

"நாட்டுப்புறத்துக்குப் போயிடலாம்டி. அந்தோணியாரு மாதிரி எளிமையா இருக்கலாம். கத்திரிக்கா கொல்லையில காய்க்கப் போவுது, கோழி முட்ட வுடப் போவுது. உப்பும் நெருப்புக்குச்சியும் வாங்கினா போதும். இன்னா செலவு?"

வில்லியனூருக்குத் தெற்கே அவர் அப்பா விட்டுப்போன ஒரு கூரை வீடும் கொல்லையும் இருந்தன. வண்டியில் சாமான் ஏற்றினோம். நான் பிறந்து வளர்ந்தது டவுனில். தெருக்குழாயும் கடற்கரைக் காற்றும் சாயங்காலக் கோயில் மணியும் இல்லாமல் ஒரு நாள் இருந்ததில்லை. வண்டி எங்கள் முத்தியால்பேட்டைப் பக்கம் போகாமல் மேற்கே திரும்பியது. கடற்கரைக் காற்று நிற்கிற வரைக்கும் நான் பின்பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

எளிய வாழ்க்கை என்றால் சாமான் குறைவாக இருக்கும் என்றுதான் நானும் நினைத்தேன். மண்வெட்டி வாங்கினோம், கடப்பாரை வாங்கினோம், கிணற்றுக்குத் தாம்புக்கயிறு, தோண்டி, எருக்கூடை, கோழிக்குக் கூண்டு, விதை, விதையைத் தின்ன வரும் ஆட்டைத் தடுக்க முள்வேலி என்று வாங்கிக்கொண்டே இருந்தோம். இவ்வளவும் வாங்கின பிறகு வாங்க வேண்டாம் என்று அவர் தள்ளியது காபித்தூளை. புளியங்கொட்டையை வறுத்துப் பொடித்துக் கொதிக்க வைத்து, "அசல் காபியேதான்" என்று குடித்தார். காபிக்கும் அதற்கும் ஒற்றுமை கறுப்பு ஒன்றுதான். சோப்புக்குப் பதில் உவர்மண் வந்தது; துணி வெளுத்ததோ இல்லையோ, என் உள்ளங்கை வெளுத்தது. மண்ணெண்ணெய் வேண்டாம் என்று ஆமணக்கெண்ணெய் விளக்கு ஏற்றினோம். கொஞ்ச நாளில் அதுவும் வேண்டாம், இருட்டினதும் படுத்துவிடலாம் என்றார்.

கத்திரிக்காய் காய்த்தது. அதைச் சொல்லியாக வேண்டும். குழம்பு, பொரியல், சுட்டது, வதக்கியது என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்திரிக்காய். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று எடுத்துப்போனால் அவர்கள் எனக்குக் கொடுப்பதற்குக் கத்திரிக்காயோடு எதிரே வந்தார்கள். தபசு காலத்தில் நாங்கள் மாமிசம் தொடமாட்டோம். அந்த வருஷம் ஆண்டவர் உயிர்த்தெழுந்து வெகுநாள் ஆன பிறகும் எங்கள் வீட்டில் தபசு முடியவில்லை.

வேலையைப் பங்கு போட்டுக்கொண்டோம். யோசனை அவருக்கு, மற்றது எனக்கு. கணக்கெழுதின கை மண்வெட்டி பிடித்ததும் கொப்புளம் போட்டுவிட்டது, பாவம். அதற்கப்புறம் அவர் வரப்பில் நின்று வானத்தைப் பார்த்து மழை வருமா வராதா என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதுவும் சரியாக இருந்ததில்லை.

திரும்பவும் டவுனுக்குப் போய்விடுவது என்று நான் வந்த முதல் வாரமே முடிவு கட்டிவிட்டேன். முட்டையையும் கொல்லையில் விளைந்த மல்லாட்டைக் கடலையையும் தெருக்கோடியில் மளிகைக் கடை வைத்திருந்த சாயபுவிடம் விற்றுச் சிறுவாடு சேர்த்தேன். சாயபு வாய் திறக்காத மனுஷன். புளிப்பானைக்குள் துணியில் முடிந்து வைத்திருந்த அந்தக் காசு எனக்கு வெறும் காசில்லை. குழாயடிக்குப் பக்கத்தில் ஓடு போட்ட ஒரு சின்ன வீடு, தெருவைப் பார்த்த ஜன்னல், புகை போக ஒரு கூண்டு வைத்த சமையலறை. ஒவ்வொரு முட்டையும் அந்த வீட்டில் ஒரு ஓடு என்று நினைத்துத்தான் விற்றேன். இந்த வீடு மட்டும் கிடைத்துவிட்டால் அந்தோணியாருக்கும் எனக்கும் ஒரு தகராறும் இல்லை என்று இருந்தேன்.

இந்தக் கூத்தில் புத்தியோடு செய்த ஒரே காரியம் மாடு வாங்கினது. என் காதுத் தோட்டை விற்றுக் கரிக்கலாம்பாக்கத்தில் ஒரு சினைக் கிடேரியைப் பிடித்து வந்தோம். வந்த அன்றைக்கே அது அவரை உதைத்தது. எனக்கு உடனே அதைப் பிடித்துப்போயிற்று.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம் அது கன்று போட ஆரம்பித்தது. தலையீற்று. கன்றின் கால் மடங்கிக்கொண்டு வெளியே வராமல் சிக்கிவிட்டது. மாடு கண்ணை உருட்டிக்கொண்டு முனகியது. பக்கத்து வீட்டில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் இருந்தார். பிரெஞ்சில் சிப்பாய்க்குச் சொல்தா என்று பேர்; ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். அவர் ஓடி வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுக் கையை உள்ளே விட்டார். நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் சாணிச் சேற்றில் முட்டிபோட்டுக் கையை விரித்தார்.

"வனத்து அந்தோணியாரே! கன்னு உசுரோட வந்தா உமக்கே வுட்டுர்றேன்!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கன்று வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பெண் கன்று, நெற்றியில் வெள்ளை. சொல்தா கையைக் கழுவிக்கொண்டே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா தம்பி, ஒரு மெழுவத்தி நேர்ந்திருக்கக் கூடாதா?"

எங்கள் கோயில் வழக்கம் இது. நேர்ந்துவிட்ட ஆடு, கோழி, கன்றையெல்லாம் தை மாசம் திருநாளுக்கு ஓட்டிக்கொண்டு போக வேண்டும். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார், உபதேசியார் ஏலம் போடுவார், காசு கோயிலுக்கு. விவரம் தெரிந்தவர்கள் சேவலை நேர்வார்கள், மிஞ்சிப்போனால் காளைக் கன்றை நேர்வார்கள். பால் குடிக்கிற கன்றை எவனும் நேரமாட்டான். நாட்டு மாடு கன்று வாய் வைக்காமல் பால் சுரக்காது. கன்று போனால் பாலும் போச்சு. அதற்குள் எங்கள் வீட்டில் உருப்படியாக நடந்த வரும்படி என்றால், நான் வில்லியனூர்க் காபிக் கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்த அந்தப் பால்தான். எங்கள் வீட்டுக் கணக்கப்பிள்ளைக்கு இந்தக் கணக்கு மட்டும் தெரியவில்லை.

சாமியாரிடம் போய்க் கேட்டேன். வெள்ளைக்காரர், தமிழை நம்மைவிடத் திருத்தமாகப் பேசுவார். "மகளே, நேர்ந்தது நேர்ந்ததுதான். வேண்டுமென்றால் ஏலத்தில் எடுத்துக்கொள்" என்றார். அந்தோணியாருக்கு மாட்டின் மடியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. தோத்திரம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஏலத்தில் எடுப்பது சுலபமில்லை. பெண்பிள்ளை ஏலம் கேட்கும் பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அதோடு, சாமிக்குக் கொடுத்ததைக் கொடுத்த வீட்டுக்காரனே திரும்பப் பிடுங்குகிறான் என்று ஊர் சிரிக்கும். சிறுவாடு வேறு வெளியே தெரிந்துவிடும். திருநாளன்று கோயில் வாசலில் பொரிகடலை விற்க வந்திருந்த சாயபுவிடம் முடிச்சைக் கொடுத்தேன்.

"நீங்க கேளுங்க அண்ணே. நான் புங்கமரத்துக்கிட்ட நிப்பேன். முக்காடு என் தலமேல இருக்கிற வரைக்கும் ஏத்துங்க. எறக்கிட்டன்னா வுட்டுருங்க."

"சர்த்தாம்மா. ஆனா முழுசும் போயிட்டா அப்புறம் என்னைய ஏசக் கூடாது."

பூசை முடிந்து மாடுகளுக்குத் தீர்த்தம் தெளித்தார்கள். எங்கள் கன்று சாமியாரின் அங்கியை நக்கிப் பார்த்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் நின்றோம். பூசணிக்காய், தேங்காய், சேவல் எல்லாம் போன பிறகு கன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சாயபு கேட்டார். யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்று நான் இருந்தபோது ஆண்கள் பக்கமிருந்து சொல்தா ஒரு சத்தம் கொடுத்து ஏற்றினார்.

இந்தக் கிழவருக்குக் கன்று எதற்கு? கை விட்டு இழுத்த பாசமா, பென்ஷன் திமிரா? சாயபு என்னைப் பார்த்தார். முக்காடு தலைமேல்தான் இருந்தது. அவர் ஏற்றினார், சொல்தா அதற்குமேல் ஏற்றினார். பட்டாளத்தில் பேர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு முறையும் மார்பை நிமிர்த்திக்கொண்டு கத்தினார். கிழவர் நாசமாகப் போக என்று அந்தப் புனிதமான இடத்தில் நின்றுகொண்டு மனதாரத் திட்டினேன்.

ஏலம் ஏற ஏற என் டவுன் வீடு இடிந்துகொண்டே வந்தது. முதலில் புகைக்கூண்டு போயிற்று. அப்புறம் சமையலறை. தெருவைப் பார்த்த ஜன்னல் போனபோது எனக்கு அழுகை வந்தது. போதும், இறக்கிவிடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கன்று கயிற்றை இழுத்துக்கொண்டு 'ம்மா' என்றது. கறவை நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. வீட்டில் அதன் தாய் மடி கனத்துக் கட்டுத்தறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். என் இரண்டு கையும் முக்காட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. சாயபுவுக்கே பயம் வந்து, இறக்கேன் என்று கண்ணால் கெஞ்சினார். நான் இறக்கவில்லை. குழாயடியும் போயிற்று.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..." என்று உபதேசியார் இழுத்தார். சொல்தா திரும்பி யாரையோ பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். கன்று சாயபுவுக்கு விழுந்தது.

யாருக்கும் தெரியாமல் கோயிலுக்குப் பின்பக்கம் வரச் சொல்லியிருந்தேன். சாயபு கயிற்றை என் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். அதே மூலையில், அதே மாதிரி யாருக்கும் தெரியாமல் பேச, சொல்தாவும் என் வீட்டுக்காரரும் திரும்பினார்கள். "மன்னிச்சுக்கடா தம்பி, அந்த சாயபு வுடவே இல்ல" என்று சொல்லிக்கொண்டே சொல்தா ஒரு பணமுடிப்பை அவர் கையில் திணித்தார். அப்போதுதான் நிமிர்ந்து எங்களைப் பார்த்தார்கள். சாயபு மெதுவாகப் பொரிகடலையைப் பார்க்கப் போய்விட்டார். சொல்தாவும் பட்டாளத்தில் பின்வாங்கப் பழகினவர்தான்.

"நீயா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்களா? உங்களுக்கு ஏது பணம்?"

"முசே போன வாரமே ஆள் வுட்டாரு. வேலைக்கு வரச் சொல்லி, டவுன்ல வூடு பாக்க முன்பணமும் குடுத்தாரு."

"ஒரு வாரமாவா? ஏன் சொல்லல?"

"எப்பிடிடி சொல்றது? அந்தோணியாரு, எளிமைன்னு அவ்ளோ பேசிட்டு..." என்று காலால் மண்ணைக் கிளறினார். "பால் நின்னுட்டா நீ அழுவியேன்னுதான் சொல்தாவ கேக்கச் சொன்னன்."

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. என் டவுனை நான் என் கையாலேயே இடித்துக்கொண்டிருந்தபோது, மறுபக்கம் நின்று ஒவ்வொரு செங்கல்லாக உருவினது இந்த மனுஷன். அவர் பணம் முழுசாகக் கையில் இருந்தது. என்னுடையது அந்தோணியாரிடம்.

"அதுக்கு இன்னா இப்ப?" என்று அவர் முகம் மலர்ந்துவிட்டது. "எம்பணம் அப்படியேதான் கீது. மாட்டையும் கன்னையும் வித்துட்டு நாளைக்கே கெளம்பிடலாம். நீ ஆசப்பட்டது தான?"

ஆமாம், ஆசைப்பட்டதுதான். புளிப்பானைக்குள் கைவிட்ட ஒவ்வொரு நாளும் நான் வேண்டிக்கொண்டது இதே வார்த்தைக்குத்தான். சரி என்று ஒரு சொல் சொன்னால் போதும். கன்று என் விரலை மாட்டுக் காம்பென்று நினைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"மொதல்ல பால் கறக்கணும்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

அவர் டவுனுக்குப் போனார். ஒரு அறை எடுத்துக்கொண்டு முசேயிடம் கணக்கெழுதினார். சனிக்கிழமை சனிக்கிழமை வில்லியனூர் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து ரொட்டியும் மீனும் தூக்கிக்கொண்டு நடந்து வருவார். டவுன் சிநேகிதர்களிடம் நாட்டுப்புறத்து எளிய வாழ்க்கையைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் கண்ணில் தண்ணீர் வருமாம். கன்று பால் மறக்கட்டும், அப்புறம் வருகிறேன் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். கன்று பால் மறந்தது. மாடு மறுபடி சினையானது, அது ஈனட்டும் என்றேன். கொஞ்ச காலத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

புளியங்கொட்டைக் காலத்தில் எனக்கு ஒரு சுகம் இருந்தது. கை வெந்தாலும் இடுப்பு ஒடிந்தாலும், இந்த மனுஷன்தானே என்னை இங்கே கொண்டுவந்து தள்ளினார் என்று வாயாரத் திட்டலாம். ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில் அவரை ரயிலுக்கு அனுப்பிவிட்டு, மழையில் நனைந்துகொண்டு தொழுவத்தில் சாணி அள்ளினேன். வழுக்கி விழுந்தேன், முழங்கை சிராய்த்துவிட்டது. உட்கார்ந்தபடியே பழைய ஆத்திரத்தோடு திட்ட வாயைத் திறந்தேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.